கிட்டார் வேலைக்குக் கைக்கருவி வாங்கும் முன்

கத்திரி வெயில் முடிந்து ஜூன் பிறந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பழுது பார்க்கக் கிட்டார்கள் சேர ஆரம்பித்துவிடும். ஒன்றில் மேல்பலகை பிளந்திருக்கும், ஒன்றில் மேல்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை பின்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும், இன்னொன்றில் கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளின் முனைகள் கழுத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கிழிக்கும். எல்லாவற்றுக்கும் வெயில்தான் காரணம். கிட்டார் மரத்துக்கு 45 முதல் 50 சதவீத ஈரப்பதம் வேண்டும். வேலூரில் மே மாதம் மதியம், மொட்டை மாடி அறையில் அதற்கு எங்கே போவது? மரம் சுருங்குகிறது, ஃபிரெட் கம்பி சுருங்குவதில்லை, அதனால் வெளியே நீட்டுகிறது. கேரளாவிலிருந்து கிட்டாரைத் தூக்கிக்கொண்டு காட்பாடிக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் கோடையில்தான் இது தெரிய வருகிறது.

அப்படிக் கொண்டுவருபவர்களில் நாலில் ஒருவராவது, "அண்ணா, இதை நானே கத்துக்கலாமா, என்னென்ன டூல்ஸ் வாங்கணும்?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறேன்: பெட்டி பெட்டியாக செட் வாங்காதீர்கள். கையில் இருக்கும் கிட்டாரில் எந்த வேலை நிற்கிறதோ அதற்கான கருவியை மட்டும் வாங்குங்கள், வாங்கியதைத் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு அடுத்ததை வாங்குங்கள். புதிதாகக் கிட்டார் செய்யும் ஆசை இருந்தாலும் பழுது பார்ப்பதில் ஆரம்பிப்பதுதான் நல்லது. ஒரு பழைய கிட்டாரைப் பிரித்து ஒட்டும்போது அது எப்படிச் செய்யப்பட்டது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

முதலில் அளக்கும் கருவிகள். வெட்டும் கருவிக்கு முன்னால் இதைச் சொன்னால் எல்லோருக்கும் சப்பென்று இருக்கும், ஆனால் கிட்டாரில் பாதிப் பிரச்சினை அளந்தாலே தெரிந்துவிடும். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, 18 அங்குலமோ 24 அங்குலமோ நீளமான நேர்பட்டை ஒன்று, ஒரு வெர்னியர் காலிப்பர், இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய இரும்பு இலைகளின் கொத்தான ஃபீலர் கேஜ் ஒன்று. ஃபீலர் கேஜைத் தேடி இசைக்கருவிக் கடைக்குப் போக வேண்டாம். பைக் மெக்கானிக்குகள் டேப்பட் வைக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும்.

நேர்பட்டை நேராக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு காகிதத்தில் அதை வைத்து, கூர்மையான பென்சிலால் கோடு இழுங்கள். பட்டையைப் புரட்டிப்போட்டு அதே விளிம்பால் அதே கோட்டின் மேல் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் பட்டை நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால் அங்கே தெரிவது பட்டையின் குறையைப்போல் இரண்டு மடங்கு. மூலைமட்டத்தையும் இதே மாதிரி புரட்டிப் பார்க்கலாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், வளைந்த பட்டையை வைத்துக்கொண்டு ஃபிரெட்டைத் தேய்த்தால் நல்ல கழுத்தும் கெட்டுப்போகும்.

கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிரஸ் ராடில், அதாவது கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் கம்பியில், கை வைக்க வேண்டும். பல கிட்டார்களுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆலன் கீ போதும், சிலவற்றுக்கு அங்குல அளவு. சரியாகப் பொருந்தாத கீயைப் போட்டுத் திருகினால் அந்தக் கம்பியின் திருகு முனை உள்பக்கம் தேய்ந்து வழுக்கிவிடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். திருப்பிவிட்டுத் தந்தியைச் சுருதிக்குக் கொண்டுவந்து மறுபடி அளக்க வேண்டும். 12ஆவது ஃபிரெட்டில் தடித்த ஈ தந்திக்குக் கீழே சுமார் 2.4, மெல்லிய ஈ தந்திக்குக் கீழே 1.8 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலானவர்கள் கைக்கு இதமாக இருக்கும்.

அடுத்தது நட் அரங்கள். நான் முழுப் பணம் கொடுத்து வாங்கச் சொல்லும் சிறப்புக் கருவி இது ஒன்றுதான். நட் என்பது தலைப்பக்கம் தந்தி உட்காரும் சின்ன எலும்புத் துண்டு, அதில் ஆறு காடிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிமன். 12 முதல் 53 வரை என்று (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) சொல்லும் லைட் தந்தி செட்டில் மெல்லிய தந்தி 0.30 மில்லிமீட்டர், தடித்த தந்தி 1.35 மில்லிமீட்டர். காடி தந்தியைவிட ஒரு இழைதான் அகலமாக இருக்கலாம். குறுகலாக இருந்தால் சுருதி சேர்க்கும்போது தந்தி "டிக்" என்று சிக்கிச் சிக்கி நகரும், அகலமாக இருந்தால் உள்ளே ஆடும். அதனால்தான் தந்திக்கு ஏற்ற அளவில் தனித்தனி அரம் தேவைப்படுகிறது. பணம் உடனே புரளவில்லை என்றால் கேஸ் வெல்டிங் முனையின் துளையைச் சுத்தம் செய்ய ஒரு கம்பிக் கொத்து விற்கிறார்கள், வெல்டிங் சாமான் கடையில் கேளுங்கள். உருண்டையான சின்ன அரங்கள் மாதிரி இருக்கும், அளவு எழுதியிருக்கும். மெல்லியவை வளையும், மெதுவாகத்தான் அறுக்கும், ஆனாலும் பழகுவதற்குப் போதும்.

காடி அறுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரம் இருந்தும் கெடுக்கிறவர்கள்தான் அதிகம். முதல் இரண்டு ஃபிரெட்டின் மேல் சின்ன ஸ்கேலை வைத்து நட் வரைக்கும் நீட்டி, ஃபிரெட் போர்டிலிருந்து அந்த ஸ்கேலின் அடி வரை எவ்வளவு உயரம் என்று நட்டை ஒட்டி ஃபீலர் இலைகளைச் செருகி அளந்துகொள்ளுங்கள். அந்த உயரத்தோடு 0.1 மில்லிமீட்டரைச் சேர்த்து, அவ்வளவு தடிமனுக்கு இலைகளை அடுக்கி நட்டுக்கு முன்னால் போர்டின் மேல் படுக்க வையுங்கள். இனி அரம் எவ்வளவு ஓடினாலும் அந்த இரும்பு அடுக்கில் பட்டதும் நின்றுவிடும். அரத்தின் பின்பக்கம், அதாவது தலைப்பக்கம், கொஞ்சம் தாழ்ந்தே இருக்க வேண்டும். தந்தி நட்டின் முன்விளிம்பில்தான் முட்டிப் புறப்பட வேண்டும். காடி சமமாகவோ முன்பக்கம் சரிந்தோ இருந்தால் தந்தி சிதார் மாதிரி இரையும். முடிந்ததும் தந்தியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் பாருங்கள். வெளிச்சம் ஒரு மயிரிழை தெரிய வேண்டும், நகத்தால் தட்டினால் தந்தி மெல்ல அசைந்து "டிங்" என்க வேண்டும். நான் ஆரம்பத்தில் கண் அளவில் அறுத்து இரண்டு நட்டுகளைத் தாழ்த்திவிட்டேன். அதற்குப் பிறகு ஃபீலர் அடுக்கு இல்லாமல் அரத்தை எடுத்ததில்லை.

நட்டுக்கான எலும்புக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. மாட்டின் கால் எலும்பில் கனமான நடுப்பகுதியை வாங்கி, சோப்பு நீரில் வேகவைத்துக் கொழுப்பை எடுத்து, வாரக்கணக்கில் காயவிட்டு, ஹேக்ஸா பிளேடால் அறுக்கலாம். எலும்புத் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது, முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள்.

சரி, உளிக்கு வருவோம். கிட்டாருக்கு மூன்று உளி போதும்: 6, 12, 25 மில்லிமீட்டர். நான் முதலில் வாங்கியது பளபளவென்று மரப்பெட்டியில் வந்த எட்டு உளி செட். எந்தக் கடை என்பது வேண்டாம். ஈட்டி மரத்தில் பத்து வெட்டு வெட்டியதும் முனை மடங்கிவிட்டது. எட்டும் அப்படித்தான். அப்புறம் பழைய சாமான் கடையில் கைப்பிடி உடைந்த ஒரே ஒரு பழைய உளியை எடுத்து வந்து, கைப்பிடி போட்டுத் தீட்டினேன். மேல்பலகையை உள்ளிருந்து தாங்கும் பிரேஸ் கட்டைகளைச் செதுக்க இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறேன். கொல்லுப் பட்டறையில் சொல்லிப் பழைய அரத்திலிருந்து உளி அடித்துக்கொள்பவர்களும் உண்டு. அரத்து இரும்பு நல்ல கரிமம் உள்ள எஃகுதான், ஆனால் சூடு காட்டிப் பதம் தணிக்காமல் விட்டால் கண்ணாடி மாதிரி சில்லு தெறிக்கும், பதம் தெரிந்த கொல்லரிடம் மட்டும் கொடுங்கள். தட்டுவதற்குப் புளியங்கட்டையில் ஒரு சின்னக் கொட்டாப்புளி போதும். கிட்டாரில் ஓங்கி அடிக்கும் வேலையே கிடையாது.

தீட்டுவதற்கு விலையுயர்ந்த கல் எதுவும் ஆரம்பத்தில் தேவையில்லை. கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் தடிமன் கண்ணாடியில் ஒரு அடிக்கு அரை அடி துண்டு வெட்டி, ஓரம் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் கிடைக்கும் பொருள்களில் அவ்வளவு சமமான பரப்பு வேறு இல்லை. கார் பெயின்ட் கடையில் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் 220, 400, 1000, 2000 என்று வாங்கி, ஒவ்வொன்றையும் ஈரத்தோடு கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். முதலில் உளியின் தட்டையான பின்புறம். முனையை ஒட்டிய ஒரு அங்குலமாவது முகம் பார்க்கிற அளவுக்குச் சமமாக வேண்டும். அதைச் செய்யாமல் முன்சரிவை எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது. சரிவு 25 டிகிரி, முனையில் மட்டும் ஒரு நூல் அளவு 30 டிகிரி. மின்சாரச் சாணையில் வைத்து முனை நீலம் பாயும்படி விட்டுவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, நீலம் போகும் வரை தேய்த்துத் தள்ள வேண்டியதுதான்.

கடைசியாகத் தோல். வடஆற்காட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் ஊர்கள். மரப்பட்டையில் பதனிட்ட, வளைக்கும்போது விறைப்பாக இருக்கும் தோல் வெட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். முன்பெல்லாம் இந்தப் பக்கம் ஆவாரம்பட்டை போட்டுத்தான் பதனிட்டார்கள். அதைச் சமமான கட்டையில் சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்க ஒட்டி, உலோகப் பாலிஷ் கொஞ்சம் தடவி, உளியை முனை பின்னால் வரும்படி இழுங்கள், இருபது தடவை. கூர் வந்ததா என்று பார்க்கக் கைமுடியைச் சிரைத்துப் பார்ப்பதைவிட, பேக்கிங் பெட்டியின் பைன் கட்டையைக் குறுக்கே, அதாவது நார் முனையில், செதுக்கிப் பாருங்கள். மென்மையான மரம் மழுங்கிய உளிக்கு நசுங்கிப் பொடியாகும், கூரான உளிக்கு மெழுகு மாதிரி வழவழவென்று சீவும். கிட்டார் மேல்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், அதுவும் இப்படிப்பட்ட மென்மரம்தான், ஆக இந்தச் சோதனையில் தேறாத உளியைக் கிட்டாரில் வைக்க வேண்டாம். தேக்கில் வேலை செய்தால் அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், அந்த மரத்தில் மணல்சத்து இருக்கிறது.

இழைப்புளி இரண்டு. கையடக்கமான பிளாக் பிளேன் ஒன்று, பழுது பார்ப்பதற்கு அது மட்டுமே போதும். புதிதாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் 14 அங்குல நீளமுள்ள ஐந்தாம் நம்பர் வேண்டும், ஏனென்றால் மேல்பலகை என்பது இரண்டு பாதிகளை நடுவில் ஒட்டியது. ஓரங்களை இழைத்து ஒன்றோடொன்று சேர்த்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் எங்கேயும் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. நீளம் குறைந்த இழைப்புளி பள்ளத்தில் இறங்கி ஏறும், நீளமானது மேட்டை மட்டும் சீவும். பழைய இழைப்புளி கிடைத்தால் அடித்தகட்டில் விரிசல் இருக்கிறதா, குறிப்பாக வாய்ப்பக்கம், என்று பார்த்து வாங்குங்கள். துருவுக்குப் பயப்பட வேண்டாம், விரிசலுக்கு மருந்தில்லை.

அடுத்து, பலர் வாங்காமல் விடுகிற ஒன்று: ஸ்கிரேப்பர். வெறும் இரும்புத் தகடு, 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன், சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிது. பழைய கைரம்பத்தின் தகட்டை வெட்டியே செய்துகொள்ளலாம். ஓரத்தை அரத்தால் செங்குத்தாக்கி, உப்புத்தாளில் மெருகேற்றி, பழைய நல்ல திருப்புளியின் உருண்டைத் தண்டால் அந்த விளிம்பை அழுத்தி இரண்டு மூன்று முறை தேய்த்தால் ஒரு நுண்ணிய கொக்கி உருவாகும். கட்டைவிரலைத் தகட்டின் பரப்பிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல நகர்த்தினால் விரலில் லேசாகத் தட்டும், கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கொக்கிதான் வேலை செய்கிறது. தகட்டை இரண்டு கையால் சற்று வளைத்து முன்னால் சாய்த்துத் தள்ளுங்கள். சரியாக இருந்தால் வெங்காயத் தோல் மாதிரி சுருள் சுருளாக வரும், தூளாக வந்தால் கொக்கி போய்விட்டது. ஈட்டி மரப் பக்கப்பலகையில் நார் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும், இழைப்புளி அங்கே பிய்த்து எடுக்கும், ஸ்கிரேப்பருக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒட்டிய இடத்தில் பிதுங்கிக் காய்ந்த பசை, பழைய வார்னிஷ், உடம்பின் விளிம்பைச் சுற்றி ஒட்டிய பைண்டிங் பட்டையின் ஓரம் எல்லாம் இதற்கே அடங்கும். தகடு சூடேறும், கட்டைவிரல் கொப்பளிக்காமல் இருக்க டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

ரம்பம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பல் நெருக்கமான முதுகுப்பட்டை ரம்பம் ஒன்று, இழுத்து அறுக்கும் ஜப்பான் ரம்பம் கைக்குப் பிடித்தால் அது. ஃபிரெட் காடிக்கு மட்டும் அறுப்பு அகலம் சுமார் 0.6 மில்லிமீட்டர் வர வேண்டும், கம்பியின் அடிநாக்கு அதில்தான் கவ்விக்கொள்கிறது. சாதாரண ரம்பத்தில் அறுத்தால் கம்பி நிற்காது. ஃபிரெட் இடம் குறிக்க நட்டிலிருந்து சாடில் (பிரிட்ஜில் தந்தி தங்கும் துண்டு) வரையுள்ள தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட், மீதியை மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்தது. 650 மில்லிமீட்டருக்கு முதல் ஃபிரெட் 36.48. எல்லா அளவையும் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு நட்டிலிருந்தே ஒவ்வொன்றையும் குறியுங்கள். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் பிழை சேர்ந்து 12ஆவதில் சுருதி தப்பிவிடும்.

ஃபிரெட் கழற்ற முனை வெட்டும் குறடு வேண்டும், அதன் முகத்தைச் சாணையில் தேய்த்துத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் கம்பிக்கு அடியில் நுழையும். கழற்றும் முன் சால்டரிங் அயர்னைக் கம்பியின் மேல் நகர்த்திச் சூடாக்கினால் பசை இளகி, மரம் சில்லு எடுக்காமல் வரும். புதுக் கம்பியை அடிக்கப் பித்தளை முகமோ பிளாஸ்டிக் முகமோ உள்ள சுத்தி. மட்டம் எடுக்க அலுமினியக் குழாய்த் துண்டில் உப்புத்தாள் ஒட்டினால் போதும், ஆனால் அந்தக் குழாய் நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கிளாம்ப் எவ்வளவு இருந்தாலும் போதாது என்பது உண்மைதான், அதற்காக எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. மேல்பலகையையும் பக்கத்தையும் சேர்க்கும் உள்வரிப் பட்டையை ஒட்டத் துணி காயவைக்கும் கிளிப்புகள் நாற்பது ஐம்பது போதும், சைக்கிள் டியூப் பட்டை ஒன்றையும் கிளிப்பின் மேல் சுற்றிவிட்டால் பிடி இறுகும். பைண்டிங் ஒட்ட அதே டியூப்பை நீளப் பட்டையாக வெட்டி உடம்பைச் சுற்றி இழுத்துக் கட்டலாம். பிரிட்ஜ் ஒட்ட மட்டும் ஒலித்துளை வழியாக உள்ளே போய் எட்டிப் பிடிக்கும் ஆழமான கிளாம்ப் மூன்று நல்லதாக வாங்குங்கள். சாதாரண ஜி கிளாம்ப் அங்கே எட்டாது.

பிரிட்ஜ் தூக்குவது நம் ஊரில் மிகவும் சாதாரணம். ஆறு தந்திகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விட்டால் பசை இளகி, இழுவை ஜெயித்துவிடும். முழுக்கக் கழற்ற வேண்டுமென்றால் இஸ்திரிப் பெட்டியால் பிரிட்ஜைச் சூடாக்கி, பெயின்டர்கள் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டின் ஓரத்தை உருட்டித் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நார் ஓடும் திசை பார்த்து உள்ளே விட வேண்டும். கூரான ஓரம் மேல்பலகையில் இறங்கிவிடும், அதனால்தான் தகட்டை மழுக்கச் சொல்கிறேன். பழைய பசையை முழுக்கச் சுரண்டி மரம் தெரிந்த பிறகே புதுப் பசை. வஜ்ஜிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பழைய மரப்பசை) காய்ச்சத் தெரிந்தவர்கள் அதையே போடலாம், 60 டிகிரிச் சூட்டுக்கு மேல் வெகுதூரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொதித்தால் பிடி போய்விடும்.

வெடிப்புக்கு வேண்டியவை: டென்டிஸ்ட் வைத்திருக்கிற மாதிரி காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, உள்ளே போடும் எல்.இ.டி. விளக்கு, உட்புறம் வைத்து ஒட்டும் சின்ன மரத்துண்டுகளைப் பிடிக்க வலுவான காந்தங்கள் இரண்டு ஜோடி. ஒட்டும் முன் கிட்டாரைச் சில நாள் ஈரப் பஞ்சு போட்ட துளைப்பெட்டியோடு உறைக்குள் மூடி வையுங்கள். பாதி வெடிப்பு தானாகவே மூடிக்கொள்ளும். விரிந்த நிலையில் பசையைத் திணித்தால் ஐப்பசி மழைக்கு மரம் உப்பும்போது வேறு இடத்தில் வெடிக்கும். ஒரு சின்ன ஈரப்பத மானியைச் சுவரில் மாட்டிவிட்டால் எப்போது ஒட்டலாம் என்று அதுவே சொல்லும்.

புதிதாகச் செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு: கழுத்தைத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவர மரம் தேய்க்கும் நல்ல அரம், பக்கப்பலகை வளைக்கச் சூடான குழாய். பக்கப்பலகை சுமார் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு வந்த பிறகுதான் வளையும். தண்ணீர்ச் சொட்டு குழாயில் விழுந்ததும் துள்ளி ஓட வேண்டும், அந்தச் சூடு சரி. முதலில் இழைத்த துண்டுகளில் பத்து முறை வளைத்துப் பாருங்கள், ஈட்டிப் பலகையில் நேராகக் கை வைக்க வேண்டாம்.

கார்த்திகை மழை தொடங்குவதற்கு முன் எல்லா இரும்பையும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி, பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். உளி முனைகளுக்கு அந்த ஆம்பூர்த் தோலிலேயே மிஞ்சியதை வெட்டிக் குல்லா தைத்துப் போடலாம், ஆனால் மழை மாதங்களில் தோல் ஈரம் வாங்கும், வாரம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.